மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

கல்வியைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லிவைத்த உவமைகளுக்குக் கணக்கில்லை. விளக்கு என்றார்கள், கண் என்றார்கள், திருடன் கொண்டுபோக முடியாத செல்வம் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஓர் உவமையை மட்டும் நம்மில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எழுத்து ஒரு பூட்டாகவும் இருக்கலாம். ஒருவன் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காகவே செய்து வாசலில் தொங்கவிட்ட பூட்டு.

அமெரிக்காவில் தென் கரோலினா என்ற ராஜ்யத்தின் வாசலில் அப்படி ஒரு பூட்டு எழுபது வருஷ காலம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திறக்கக் கிளம்பியவர்கள் யார் என்று பார்த்தால், ஒரு பஸ்காரர், வேலை போன ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, பெண்களுக்குத் தலை வாரி அலங்காரம் செய்து பிழைத்த ஒரு பெண்மணி. கருவிகள் என்ன? ஒரு கரும்பலகை, சில அட்டைத் துண்டுகள், ஒரு மளிகைக் கடையின் பின்கட்டு. கறுப்பு மக்களின் விடுதலைப் போராட்டம் என்றவுடன் ஊர்வலமும், பிரசங்கமும், தடியடியும் நம் நினைவுக்கு வருகின்றன. இந்தப் பின்கட்டு நினைவுக்கு வருவதில்லை. என்னைப் போல் கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு ஊர்வலத்தைவிடப் பின்கட்டில்தான் அதிகப் பிரியம். அதனால்தான் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் பூட்டின் கதை.

1739-ம் ஆண்டு தென் கரோலினாவில் ஸ்டோனோ என்ற ஆற்றங்கரையில் அடிமைகள் கலகம் செய்தார்கள். கலகம் அடக்கப்பட்டது. மறு வருஷம், 1740-ல், அடிமைகளைக் கட்டுப்படுத்த ஒரு கடுமையான சட்டம் பிறந்தது. அதில் ஒரு ஷரத்து: அடிமைக்கு யாராவது எழுதக் கற்றுக்கொடுத்தால் நூறு பவுன் அபராதம். 1834-ல் இன்னொரு சட்டம் வந்தது. எழுத மட்டுமல்ல, படிக்கச் சொல்லிக்கொடுப்பதும் குற்றமாயிற்று. சொல்லிக்கொடுப்பவர் வெள்ளையர் என்றால் அபராதமும் சிறையும். கறுப்பர் என்றால் சவுக்கடி.

பிறகு உள்நாட்டு யுத்தம் வந்தது. 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்தது. 1870-ல், நிறத்தைக் காட்டி ஒருவருடைய வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே பதினைந்தாவது திருத்தமாக எழுதிவைத்தார்கள். நிறத்தைக் காட்டி மறுக்கக் கூடாது, சரி. வேறு எதையாவது காட்டி மறுக்கலாம் அல்லவா? 1895-ல் தென் கரோலினா தனக்கென்று ஒரு புதிய அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டது. வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள வருகிறவர் அந்தச் சட்டத்தில் எந்தப் பகுதியைக் காட்டினாலும் படித்துக் காட்ட வேண்டும், எழுதிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியவராக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். பரீட்சை வைக்கிற அதிகாரி வெள்ளைக்காரர். மார்க் போடுகிறவரும் அவரே. தேறினாரா தவறினாரா என்பது அவருடைய திருவுளம்.

இந்தச் சட்டங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். பாட்டன் படிக்கக் கற்றால் குற்றம். பேரன் படிக்கத் தெரியாமல் இருந்தால் குற்றம். இரண்டு குற்றத்துக்கும் தண்டனை ஒன்றேதான்: நீ வெளியே நில்!

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 1895-ம் ஆண்டுச் சட்டத்தைக் காதால் மட்டும் கேட்டால் அதில் அநியாயம் எதுவும் தெரியாது. "எழுதப் படிக்கத் தெரிந்தவன் வோட்டுப் போடட்டும் என்கிறார்கள், அதில் என்ன தவறு?" என்றே தோன்றும். நம் ஊரில் தேர்தல் சமயங்களில் ரயில் பெட்டியிலும் கல்யாணப் பந்தலிலும் படித்தவர்கள் கூடிப் பேசும்போது இந்த யோசனை எழாமல் இருப்பதில்லை. கைநாட்டுப் பேர்வழிகளுக்கெல்லாம் வோட்டைக் கொடுத்ததால்தான் நாடு இப்படி ஆயிற்று என்று பெருமூச்சு விடுவார்கள். பேசுகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. பிள்ளைகளை நன்றாகப் படிக்கவைத்தவர்கள். அப்படிப் பேசுகிறவர்கள் தென் கரோலினாவின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும். அந்த யோசனையை அங்கே எழுபது வருஷம் அமல் நடத்திப் பார்த்துவிட்டார்கள்.

சார்ல்ஸ்டன் என்பது அந்த ராஜ்யத்தின் பழைய துறைமுகப் பட்டணம். அதற்குத் தெற்கே கடலோரமாக வரிசையாகத் தீவுகள். அவற்றில் ஒன்று ஜான்ஸ் தீவு. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் பழைய அடிமைகளின் வம்சத்தார். ஆப்பிரிக்க மொழிகளும் ஆங்கிலமும் கலந்து பிறந்த குல்லா என்ற தனிப் பேச்சு அவர்களுடையது. வெள்ளாமையும் கூலி வேலையும் ஜீவனம்.

1916-ல் இந்தத் தீவுக்குப் படகேறிப் பள்ளிக்கூட வேலைக்கு வந்தாள் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி. பெயர் செப்டிமா. பின்னாளில் மணமாகி செப்டிமா கிளார்க் ஆனவர். தகப்பனார் அடிமையாகப் பிறந்தவர். தாயார் பிறர் துணிகளை வெளுத்துக் கொடுத்துக் குழந்தைகளை வளர்த்தவர். சார்ல்ஸ்டன் நகரத்துப் பொதுப் பள்ளிக்கூடங்களில் கறுப்பு ஆசிரியர்களுக்கு அந்நாளில் வேலை கிடையாது. அதனால்தான் தீவுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் 132 பிள்ளைகள். ஆசிரியைகள் இரண்டே பேர். தலைமை ஆசிரியையான செப்டிமாவுக்குச் சம்பளம் 35 டாலர். சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் வெள்ளைக் குழந்தைகளின் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே பிள்ளைகள் 3 பேர். ஆசிரியைக்கு 85 டாலர். இந்தக் கணக்குக்கு விளக்கம் எதுவும் வேண்டியதில்லை.

பகலில் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவளிடம் இரவில் பெரியவர்கள் வந்தார்கள். தங்கள் சங்கக் கூட்டங்களில் எழுந்து நாலு வார்த்தை பேசவும், வேத புத்தகத்தைத் தாங்களே படிக்கவும் அவர்களுக்கு ஆசை. பாட புத்தகம் இல்லை. அவர்கள் சொல்லும் கதையையே காகிதப் பைகளின் மேல் எழுதி, அதையே பாடமாக அவர்களுக்குப் படித்துக் காட்டினாள் செப்டிமா. அப்போது அவள் அதை ஒரு போதனாமுறை என்று நினைத்திருக்க மாட்டாள். வேறு வழியில்லாமல் செய்த காரியம். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அதுவே ஒரு தேசத்தின் கதையில் போய்ச் சேர்ந்தது.

அந்த நாற்பது வருஷமும் செப்டிமா கிளார்க் ஆசிரியை வேலையிலேயே இருந்தார். லீவு நாட்களில் படித்துப் பட்டங்களும் பெற்றார். நிறபேதத்தை எதிர்த்துக் கோர்ட்டுகளில் வழக்காடி வந்த தேசியச் சங்கத்தில் அங்கத்தினராகவும் இருந்தார். 1954-ல், வெள்ளைக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்புக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கை நடத்திய சங்கத்தின் மேல் தெற்கத்தி ராஜ்யங்களுக்கு ஆத்திரம் பொங்கியது. 1956-ல் தென் கரோலினா ஒரு சட்டம் போட்டது: சர்க்கார் சம்பளம் வாங்குகிற எவரும் அந்தச் சங்கத்தில் இருக்கக் கூடாது. பலர் வாயைத் திறக்காமல் இருந்து பிழைத்துக்கொண்டார்கள். செப்டிமா, தாம் அங்கத்தினர் என்பதை மறைக்க மறுத்தார். வேலை போயிற்று; பென்ஷனும் போயிற்று. வயது ஐம்பத்தெட்டு. சேர்ந்து எதிர்ப்போம் வாருங்கள் என்று 726 கறுப்பு ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் எழுதியவர்கள் 26 பேர். நான் அந்த 700 பேரைக் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அவர்களுடைய பயம் புரியும்.

வேலை போனவருக்கு வேலை கொடுத்தது டென்னஸீ ராஜ்யத்தின் மலைப் பகுதியிலிருந்த ஹைலாண்டர் என்ற பள்ளி. அதைப் பள்ளி என்று சொன்னால் நம் மனசில் தோன்றும் சித்திரம் பொருந்தாது. பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. பண்ணையாட்களும் தொழிலாளிகளும் வந்து சில நாட்கள் தங்குவார்கள். தங்கள் கஷ்டங்களைத் தாங்களே பேசி வழி தேடுவார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். அந்த வட்டாரத்தில் அதுவே சட்ட விரோதம். 1932-ல் அதைத் தொடங்கிய மைல்ஸ் ஹார்ட்டன் அதற்கு முன்பு டென்மார்க் தேசத்துக்குப் போயிருந்தார். அங்கே 1844-லிருந்து குடியானவர்களுக்கென்று மக்கள் உயர்நிலைப் பள்ளிகள் நடந்து வந்தன. குருண்ட்விக் என்ற பாதிரியாரின் மனத்தில் தோன்றிய எண்ணம் அது. வளர்ந்த மனிதனுக்குப் பரீட்சை வேண்டாம், உயிருள்ள பேச்சே பாடம் என்பது அவர் கொள்கை. டென்மார்க்கின் குளிர்கால இரவுகளில் முளைத்த விதை அமெரிக்க மலைக்கு வந்து, அங்கிருந்து கடலோரத் தீவுக்குப் போன விதம் இப்படி.

தீவில் அந்த விதையை வாங்கிக்கொள்ள ஒருவர் காத்திருந்தார். ஏஸா ஜென்கின்ஸ். நாலாவது வகுப்போடு படிப்பை விட்டவர். தீவிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தம் பஸ்ஸில் ஏற்றிச் செல்வது தொழில். போகிற வழியெல்லாம் வோட்டுப் பதிவுச் சட்டத்தைப் பற்றிப் பயணிகளிடம் பேசிக்கொண்டே போவார். ஆலிஸ் வைன் என்ற பெண் ஒரு நாள் அவரிடம் கேட்டாள்: எனக்குப் படிப்பு இல்லை, கற்றுக்கொடுத்தால் நானும் வோட்டுப் போடுவேனே! ஜென்கின்ஸ் அந்தச் சட்டப் பகுதியை அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பாடம் பண்ணுவித்தார். அவளும் மனப்பாடமாகவே ஒப்பித்துப் பதிவாகிவிட்டாள். கதை எழுதுகிறவனாக இருந்தால் இந்த இடத்தில் முடித்துவிடுவான். ஆலிஸ் வைன் முடிக்கவில்லை. சீட்டுக் கிடைத்த பிறகும், இப்போது எனக்கு உண்மையாகவே படிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்றாள். பூட்டை ஏமாற்றித் திறந்தது அவளுக்குப் போதவில்லை, சாவி வேண்டியிருந்தது.

1954-ல் செப்டிமாவோடு ஹைலாண்டர் பள்ளிக்குப் போன ஜென்கின்ஸ், உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது இதைத்தான் சொன்னார்: பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு ராத்திரிப் பள்ளிக்கூடம்.

சர்க்கார் அதற்கு ஏற்பாடு செய்யாமல் இல்லை. முதியோருக்கு எழுத்தறிவிக்கப் பணமும் இருந்தது, வகுப்பும் முன்பே நடந்தது. ஆனால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள ஹார்ட்டன் தீவிலேயே தங்கிப் பலரோடு பேசிப் பார்த்தார். காரணம் சாதாரணமானது. வகுப்பு நடந்தது குழந்தைகளின் பள்ளிக்கூடத்தில். உட்காரக் கொடுத்தது குழந்தைகளின் பெஞ்சு. ஏரோட்டிய கால்களை அதற்குள் மடக்கிக்கொண்டு, குழந்தைப் பாட்டும் குழந்தைக் கதையும் படிக்க வேண்டும். ஐம்பது வயது மனிதனுக்கு எழுத்துத் தெரியாதே தவிர, மானம் தெரியும். அவன் வராமல் நின்றது சோம்பலினால் அல்ல.

இடம் தேடினார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் கொடுக்கப் பயந்தார்; பாதிரியாரும் பயந்தார். கடைசியில், ஜென்கின்ஸும் மற்றவர்களும் 1948-ல் ஏற்படுத்தியிருந்த முன்னேற்றச் சங்கம் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை விலைக்கு வாங்கியது. ஹைலாண்டர் 1,500 டாலர் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. முன்பக்கத்தில் கூட்டுறவு மளிகைக் கடை, பின்கட்டில் வகுப்பு. வெள்ளைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சந்தேகப்படாமல் இருக்கப் பின்கட்டுக்கு ஜன்னல் வைக்கவில்லை. கடையில் வந்த லாபத்திலிருந்து கடனும் அடைந்தது.

அடுத்து ஆசிரியர். இங்கேதான் செப்டிமாவும் ஹார்ட்டனும் செய்த முடிவு என்னை ஆச்சரியப்படுத்துகிறது. தேர்ந்த ஆசிரியர் வேண்டாம் என்றார்கள்! செப்டிமாவே நாற்பது வருஷ ஆசிரியை. இருந்தும் அவர் தேர்ந்தெடுத்தது தம் உறவுப் பெண்ணான பெர்னீஸ் ராபின்சனை. சார்ல்ஸ்டனில் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்பவர், தையலும் தெரியும். காலேஜ் படிப்பு இல்லை. என்னால் ஆகாது என்று மறுத்தார். உன்னால்தான் ஆகும் என்று வற்புறுத்தினார்கள். அதற்கு இரண்டு காரணங்கள். படித்த ஆசிரியருக்கு மேலே நின்று பேசும் பழக்கம் வந்துவிடுகிறது. தலை வாரிவிடுகிறவளுக்குப் பிறர் பேச்சைக் கேட்கும் பழக்கம் இருக்கிறது. மேலும், அவளிடம் வருகிறவர்கள் எல்லோரும் கறுப்புப் பெண்கள். அவள் வேலையைப் பிடுங்க எந்த வெள்ளை அதிகாரியாலும் ஆகாது.

1957-ம் வருஷம் ஜனவரி 7-ம் தேதி முதல் வகுப்பு. வந்தவர்கள் 14 பேர். பெர்னீஸ் ஆரம்பப் பள்ளிப் பாட புத்தகங்களைக் கையில் கொண்டுபோயிருந்தார். வந்திருந்த முகங்களைப் பார்த்ததும் அவை உதவாது என்று ஒதுக்கிவிட்டார். நான் உங்களுக்கு ஆசிரியை இல்லை, நாம் ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு வந்த பதில்களைப் பாருங்கள். என் பெயரை எழுத வேண்டும். தூரத்திலிருக்கும் பிள்ளை எழுதுகிற கடிதத்தை நானே படிக்க வேண்டும். வேத புத்தகம் படிக்க வேண்டும். தபாலாபீசில் மணியார்டர் பாரத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். தபாலில் சாமான் தருவிக்கும் கம்பெனியின் பட்டியலைப் பார்த்து ஆர்டர் எழுத வேண்டும். பிறகு, வோட்டுக்குப் பதிவு செய்ய வேண்டும். இதுவே பாடத் திட்டம் ஆயிற்று. எந்த இலாகாவும் தயாரிக்கவில்லை. எந்தக் கமிட்டியும் கையெழுத்திடவில்லை.

பெயரை அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்து, கை பழகும்வரை அதன்மேலேயே பென்சிலை ஓட்டச் சொன்னார் பெர்னீஸ். வேலிக்கு எத்தனை கம்பம் வேண்டும், எருவுக்கு எவ்வளவு ஆகும் என்பது கணக்குப் பாடம். மணியார்டர் பாரமும் வோட்டுச் சட்டமும் வாசகப் புத்தகம். சுவரில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டிவைத்து, பருவம் முடிவதற்குள் இதை நீங்கள் எல்லோரும் படித்துவிட வேண்டும் என்றார். வாரத்தில் இரண்டு இரவுகள். வயல் வேலை குறைந்த குளிர்கால மாதங்கள் மட்டும். வகுப்புக்கு வந்தவர்களில் அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருத்தி. கரும்பலகையில் எல்லோருடைய பெயர்களையும் கலந்து எழுதியிருந்தபோது, அவள் எழுந்து போய்க் கோலால் தன் பெயரைத் தொட்டுக் காட்டினாள். அப்போது தமக்கு மயிர்க்கூச்செறிந்ததாகப் பெர்னீஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பருவம் முடிந்து பதிவு அலுவலகத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் வாக்காளர் சீட்டோடு திரும்பினார்கள்.

பிரஜைப் பள்ளிகள் என்று அவற்றுக்குப் பெயர் ஏற்பட்டது. பக்கத்துத் தீவுகளான வாட்மலா, எடிஸ்டோ ஆகியவற்றிலும், வடக்குச் சார்ல்ஸ்டனிலும் பள்ளிகள் தோன்றின. சமையலறையிலும் தலை அலங்காரக் கடையிலும் வகுப்புகள் நடந்தன. எதிரிகளுக்குச் சமாசாரம் எட்டாமல் இருக்குமா? 1959 ஜூலை 31 இரவு ஹைலாண்டரில் போலீஸார் புகுந்தார்கள். சாராயம் தேடி வந்ததாகச் சொல்லி, மதுவே தொடாத செப்டிமாவைக் கைது செய்தார்கள். விளக்கு இல்லாத இருட்டில், வந்திருந்த இளைஞர்கள் கூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். வழக்கு முடிந்து 1961-ல் டென்னஸீ அரசாங்கம் பள்ளியை மூடி, நிலத்தையும் கட்டடங்களையும் ஏலம் போட்டது. ஹைலாண்டர் வேறு பெயரோடு வேறு ஊரில் மறுபடி முளைத்துவிட்டது என்பது வேறு கதை.

பிரஜைப் பள்ளிகளை மார்ட்டின் லூதர் கிங்கின் தெற்கத்திக் கிறிஸ்தவத் தலைவர்கள் மாநாடு ஏற்று நடத்தியது. ஜார்ஜியா ராஜ்யத்தில் டார்செஸ்டர் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. செப்டிமாவோடு டாரத்தி காட்டன், ஆண்ட்ரூ யங் என்ற இளைஞர்களும் சேர்ந்தார்கள். ஊர் ஊராகப் போய், படிக்கத் தெரிந்தவர், ஊரார் மதிக்கிறவர் என்று ஆள் பொறுக்கி வந்து, ஐந்து நாள் பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள். கிங்கின் ஸ்தாபனத்திலும் எல்லாம் சுகமாக இல்லை. நிர்வாகக் குழுவில் இந்த அம்மாள் எதற்கு என்று கேட்ட பாதிரியாரும் உண்டு. அந்த அம்மாள் பயிற்சி கொடுத்தவர்களே ஊர்களில் வேலை செய்தார்கள் என்பதைக் கிங் அறிந்திருந்தார்.

இந்தப் படிப்புக்கு விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். மிஸிஸிப்பியில் பருத்தி எடுக்கும் பெண் பானி லூ ஹேமர். வோட்டுக்குப் பதிவு செய்யப் போனதற்காக, பதினெட்டு வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து விரட்டப்பட்டவர். 1963 ஜூன் மாதம் சார்ல்ஸ்டனில் பிரஜைப் பள்ளிப் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில், வினோனா என்ற ஊரில் அவரையும் தோழிகளையும் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். அங்கே அவரை அடித்த அடியின் வலி ஆயுள் முழுதும் அவரை விடவில்லை. மறு வருஷம் அவரே அகில அமெரிக்காவும் டெலிவிஷனில் பார்க்க நின்று அந்த அடியை விவரித்தார். எழுத்துப் பாடத்துக்காக இப்படி அடி வாங்கியவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லவேண்டும்.

1965 ஆகஸ்டு 6-ந் தேதி அமெரிக்காவில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. தென் கரோலினா முதலிய ராஜ்யங்களில் எழுத்துப் பரீட்சை நிறுத்தப்பட்டது. 1975-ல் தேசம் முழுவதற்கும் நிரந்தரமாக ஒழிந்தது. அந்தச் சட்டத்தின் வேறு சில பகுதிகளை 2013-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு பலவீனப்படுத்தியிருக்கிறது. ஆனால் எழுத்துப் பரீட்சை திரும்பி வரவில்லை.

அப்படியானால் பரீட்சைக்காகப் படித்ததெல்லாம் வீண்தானே என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். பூட்டையே கழற்றி எறிந்த பிறகு சாவி எதற்கு? பரீட்சை ஒழிந்த பிறகும் பள்ளிகள் சில வருஷம் நடந்தன என்பதே இதற்குப் பதில். 1957-லிருந்து 1970 வரை சுமார் 900 பள்ளிகள் நடந்திருக்கின்றன. சாலை போடச் சொல்லி யாரிடம் மனுக் கொடுப்பது, வரிப் பணம் எங்கே போகிறது, செக்கில் எப்படிக் கையெழுத்திடுவது என்றெல்லாம் அவற்றில் கற்றுக்கொண்டார்கள். பூட்டு தானாகவும் கழன்றுவிடவில்லை. பதிவு அலுவலகங்களின் வாசலில் வரிசை வரிசையாகப் போய் நின்றவர்கள் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது. அந்த வரிசையில் நிற்கப் பலருக்குத் தைரியம் தந்தது இந்தப் பின்கட்டுப் படிப்பு.

நம் தேசம் வேறு வழியில் போயிற்று. வெள்ளைக்காரன் காலத்தில் நமக்கும் பூட்டு இருந்தது. வரி, சொத்து, படிப்பு என்ற தகுதிகளைச் சொல்லி மிகச் சிலருக்கே வோட்டுக் கொடுத்தார்கள். 1950-ல் நம் அரசியல் சட்டம் அதை ஒரே அடியில் உடைத்துவிட்டது. 1951-ம் வருஷக் கணக்குப்படி நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுத்துத் தெரியும். இருந்தும் வயது வந்த எல்லோருக்கும் வோட்டு. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெட்டிகளில் சின்னங்களை ஒட்டிவைத்துத் தேர்தல் நடத்தினார்கள். உலகமே நம்மைப் பைத்தியக்காரர்கள் என்று நினைத்த சமயத்தில் செய்த காரியம் அது. தென் கரோலினாவை அறிந்த பிறகு, அதைவிடப் புத்திசாலித்தனமான காரியம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. படித்தவனுக்கே வோட்டு என்று நாம் சட்டம் செய்திருந்தால், படிக்க வைக்காமல் இருப்பதில் சிலருக்கு லாபம் ஏற்பட்டிருக்கும். லாபம் உள்ள காரியம் தொடர்ந்து நடக்கும். பள்ளிக்கூடம் இல்லாத கிராமங்கள் அப்படியே இருந்திருக்கும்.

வோட்டைக் கொடுத்தோம், எழுத்தைக் கொடுப்பதில்தான் தாமதம். முதியோர் கல்விக்கு நம் சர்க்கார்களும் திட்டங்கள் போட்டன. 1978-ல் ஒரு தேசியத் திட்டம். 1988-ல் ஓர் எழுத்தறிவு இயக்கம். அரிக்கன் விளக்கும், சிலேட்டும், வருகைப் பதிவேடும் கிராமம் கிராமமாகப் போயின. பல இடங்களில் பதிவேட்டில் மட்டும் பிள்ளையார் சுழி விழுந்தது. ஆனால் 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது வேறு விதமாக நடந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தும் தொண்டர்களும் பெண்களுக்கு அகர வரிசையோடு சைக்கிளும் விடக் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். கல்லுடைத்துக் கூலி வாங்கிய பெண்கள் கல் குவாரியையே குத்தகைக்கு எடுத்துக் கணக்கு எழுதினார்கள். சைக்கிள் எழுத்துப் பாடத்தில் சேர்ந்ததா என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். பெர்னீஸ் ராபின்சன் இருந்தால் சிரித்திருக்க மாட்டார். மணியார்டர் பாரமும் சைக்கிளும் ஒரே ஜாதி. கற்கிறவள் தன் வாழ்க்கைக்கு வேண்டுமென்று கைநீட்டிக் கேட்டவை.

திட்டம் தீட்டுகிறவர்கள் பணம், கட்டடம், புத்தகம், பயிற்சி என்று நான்கையும் எண்ணுவார்கள். நான்கும் வேண்டியவைதான். ஜான்ஸ் தீவில் சர்க்கார் வகுப்புக்கு நான்கும் இருந்தும் அது நடக்கவில்லை. மளிகைக் கடைப் பின்கட்டில் ஒன்றுமே சரியாக இல்லாமல் நடந்தது. வித்தியாசம் ஒரு கேள்வி. உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள். வந்த பதிலை நம்பினாள். இதைக் கேட்பதற்குப் பணச் செலவு இல்லை. ஆனால் கேட்கிறவர் நாற்காலியிலிருந்து இறங்க வேண்டும். சில இலாகாக்களுக்கு அது பணத்தைவிடப் பெரிய செலவு.

ஏஸா ஜென்கின்ஸ் 1972-ல் காலமானார். அன்புதான் முன்னேற்றம், வெறுப்புக்குச் செலவு அதிகம் என்று அவர் தம் வண்டியின் பின்புறத்தில் எழுதிவைத்திருந்த பலகை வாஷிங்டன் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. செப்டிமா கிளார்க் நெடுநாள் இருந்தார். 1975-ல் சார்ல்ஸ்டன் ஜனங்கள் அவரைப் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 19 வருஷத்துக்கு முன் அவரை வீட்டுக்கு அனுப்பிய அதே ஊர்ப் பள்ளிக்கூடங்கள். பிடுங்கிய பென்ஷனை 1976-ல் ராஜ்யம் திருப்பிக் கொடுத்தது. 1987 டிசம்பரில் அவர் இறந்தபோது வயது எண்பத்தொன்பது. அவரைத் தேர்ந்தெடுத்த வோட்டுகளில் எத்தனை, ஒரு காலத்தில் அட்டையின் மேல் பென்சிலை ஓட்டிப் பெயர் எழுதப் பழகிய கைகள் போட்டவை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.